ஜேக்கப் லாரன்ஸின் அறுபது பலகைகள்: உருவ நவீன ஓவியத்துக்கு ஓர் எளிய அறிமுகம்

ஜேக்கப் லாரன்ஸின் ஓவியத்தை முதன்முதலாகப் பார்ப்பவர்களுக்கு எழும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: இவருக்கு வரையத் தெரியாதா?

கேட்பதில் தவறில்லை. கைகள் மண்வெட்டி போல இருக்கும். தலை ஒரு முட்டை வடிவம். பல தலைகளில் கண்ணும் மூக்கும் இருக்காது. மேசை நம்மை நோக்கிச் சாய்ந்திருக்கும். அதன் மேல் வைத்த கிண்ணம் எப்படி வழுக்கி விழாமல் இருக்கிறது என்று தோன்றும். பெரும்பாலும் நிழல் கிடையாது. கத்தரித்து ஒட்டிய காகிதம் போல ஒரு நிறத்துக்குப் பக்கத்தில் இன்னொரு நிறம், அவ்வளவுதான். பள்ளி ஓவியப் போட்டிக்கு அனுப்பினால் ஆறுதல் பரிசுகூடக் கிடைத்திருக்காது. ஆனால் 20-ஆம் நூற்றாண்டு அமெரிக்க ஓவியத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த மனிதரைத் தாண்டிப் போக முடிவதில்லை.

இது ஏன் என்று விளங்கினால், ‘உருவ நவீனம்’ என்று விமர்சகர்கள் சொல்வதும் விளங்கிவிடும். கொள்கையை மட்டும் தனியாக விளக்கினால் தூக்கம்தான் வரும். ஆகவே ஒரு மனிதரைப் பிடித்துக்கொண்டு, அவர் என்ன வரைந்தார், எதை வரையாமல் விட்டார் என்று பார்ப்போம்.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம்

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் புகைப்படம் வந்துவிட்டது. கண்ணால் பார்ப்பதை அப்படியே பதிவுசெய்யும் வேலையை ஒரு பெட்டி எடுத்துக்கொண்டது. பிறகு ஓவியருக்கு என்ன வேலை? செசான், மத்தீஸ், பிக்காசோ போன்றவர்கள் ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார்கள். எல்லாப் பதில்களுக்கும் பொதுவான ஒன்று உண்டு. ஓவியம் என்பது ஜன்னல் வழியே தெரியும் காட்சி என்று பாசாங்கு செய்ய வேண்டாம். அது ஒரு தட்டையான பரப்பு, அதில் கோடும் நிறமும் வடிவமும் இருக்கின்றன, அவற்றை வைத்து என்ன செய்யலாம் என்று பார்ப்போம். இதைத்தான் நவீன ஓவியம் என்கிறோம்.

அங்கிருந்து பாதை இரண்டாகப் பிரிந்தது. காண்டின்ஸ்கி, மோந்திரியான் போன்றவர்கள் மனிதன், மரம், மேசை எல்லாவற்றையும் கைவிட்டு வெறும் வடிவத்துக்கும் நிறத்துக்கும் போனார்கள். இது அருவ ஓவியம். இன்னொரு கூட்டம் நவீனத்தின் சுதந்திரங்களை எல்லாம் எடுத்துக்கொண்டது, மனித உருவத்தை மட்டும் விடவில்லை. அமெரிக்காவில் மில்டன் ஏவரி, ஆலிஸ் நீல் போன்றவர்கள் இந்த இரண்டாம் பாதைக்காரர்கள். லாரன்ஸும் அப்படித்தான்.

தமிழில் இதற்கு ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறது. சைவர்கள் லிங்கத்தை அருவுருவம் என்பார்கள். உருவமும் உண்டு, இல்லாமலும் இருக்கிறது. லாரன்ஸ் வரைந்த மனிதர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தச் சொல்தான் நினைவுக்கு வரும். தொப்பி, மேலங்கி, குனிந்த முதுகு எல்லாம் இருக்கின்றன. ‘இன்னார்’ என்று அடையாளம் காட்டும் முகம் இல்லை.

கம்பளத்தில் தொடங்கிய படிப்பு

லாரன்ஸ் 1917 செப்டம்பர் 7 அன்று நியூ ஜெர்சி மாநிலத்தின் அட்லாண்டிக் சிட்டியில் பிறந்தார். தந்தை சவுத் கரோலினாக்காரர், தாய் வர்ஜீனியாவைச் சேர்ந்தவர். இருவரும் தெற்கிலிருந்து வடக்கே பிழைப்புத் தேடி வந்த கறுப்பினத்தவர். பின்னாளில் அவர் எந்தக் கதையை வரைந்து புகழ்பெற்றாரோ அந்தக் கதைக்குள்ளேயேதான் பிறந்திருக்கிறார். பெற்றோர் பிரிந்தார்கள். தாய் வேலை தேடி நியூயார்க் போக, பிள்ளைகள் சில காலம் பிலடெல்பியாவில் வளர்ப்பு வீடுகளில் இருந்தார்கள். 1930-இல், 13 வயதில், நியூயார்க்கில் கறுப்பினத்தவர் மிகுதியாக வாழ்ந்த ஹார்லெம் பகுதிக்கு, தாயிடம் வந்து சேர்ந்தார்.

பொருளாதாரப் பெருமந்தம் நாட்டை வாட்டிக்கொண்டிருந்த நேரம். வேலைக்குப் போகும் தாய், பிள்ளை தெருவில் சுற்றக் கூடாது என்று பள்ளி முடிந்ததும் ‘யூட்டோப்பியா சிறுவர் இல்லம்’ என்ற இடத்துக்கு அனுப்பினார். அங்கே ஓவியம் சொல்லிக்கொடுத்தவர் சார்ல்ஸ் ஆல்ஸ்டன் என்ற இளைஞர். சிறுவன் லாரன்ஸ் அங்கே என்ன வரைந்தான் தெரியுமா? வீட்டில் விரித்திருந்த மலிவான கம்பளங்களின் வடிவங்கள். கட்டம், முக்கோணம், மீண்டும் கட்டம். கொஞ்ச நாள் கழித்து அட்டைப் பெட்டிகளை எடுத்து, அவற்றின் உட்பக்கச் சுவர்களில் ஹார்லெம் தெருக்களை வரைந்தான். ஒரு பக்கம் திறந்த சின்ன நாடக மேடை போல அவை இருந்தன.

ஆல்ஸ்டன் செய்த பெரிய காரியம், இந்தப் பையனுக்குப் பாடம் நடத்தாமல் விட்டதுதான். இவனுக்கு இயல்பாக வருவதைக் கல்லூரி இலக்கணம் கெடுத்துவிடும் என்று அவர் நினைத்தார். நல்ல ஆசிரியருக்கு மட்டுமே இந்தத் துணிச்சல் வரும்.

லாரன்ஸின் நவீனம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு இங்கேயே பாதி விடை கிடைத்துவிடுகிறது. பாரிஸில் படித்துவிட்டு வந்து கற்றுக்கொடுத்த நவீனம் அன்று. கம்பளத்தின் கட்டங்கள், அடுக்குமாடிக் கட்டடங்களின் ஜன்னல் வரிசைகள், சுவரில் குறுக்கும் நெடுக்குமாக இறங்கும் இரும்புப் படிகள், தட்டையாகப் பூசினால் மட்டுமே நன்றாக இருக்கும் மலிவான போஸ்டர் வண்ணம். இவையெல்லாம் சேர்ந்து கொடுத்த பார்வை அது. பொருள்களைக் கோண வடிவத் துண்டுகளாக உடைத்து வரையும் பாணிக்குக் கியூபிசம் என்று பெயர். பின்னாளில் தன் பாணியை இயங்கும் கியூபிசம் என்ற பொருளில் ‘டைனமிக் கியூபிசம்’ என்று சொன்னபோதுகூட, அதற்குக் காரணமாக அவர் காட்டியது ஹார்லெமின் வடிவங்களையும் நிறங்களையும்தான்.

பழைய ஓவியம் தெரியாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். ஹார்லெமிலிருந்து மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்கு அறுபது தெருக்களுக்கு மேல் நடந்தே போய் இத்தாலிய மறுமலர்ச்சி ஓவியங்களைப் பார்த்துவிட்டு வருவார். மெக்சிகோவின் சுவரோவியர் ஒரோஸ்கோ 1940-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் பார்வையாளர்கள் முன்னிலையில் ஓர் ஓவியம் தீட்டிக்கொண்டிருந்தார். அங்கே போன லாரன்ஸை அவர் செர்ரிப் பழம் வாங்கிவரச் சொன்னாராம். இவரும் ஒரு பை நிறைய வாங்கிக் கொடுத்தாராம்.

பதின்பருவத்திலேயே பள்ளிப் படிப்பு நின்றுபோனது. சலவைக்கடையிலும் அச்சகத்திலும் வேலை. அந்தக் காலத்தில் வேலையற்ற ஓவியர்களுக்கு அரசே சம்பளம் கொடுத்து வரையச் சொல்லும் ஒரு திட்டம் இருந்தது. ஹார்லெமின் சிற்பி அகஸ்டா சாவேஜ் இவரை அதில் சேர்க்க அழைத்துப்போனார். 21 வயது ஆகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். லாரன்ஸ் அதை மறந்தே போனார். சாவேஜ் மறக்கவில்லை. வயது வந்ததும் மறுபடி கையைப் பிடித்து அழைத்துப்போய்ச் சேர்த்துவிட்டார். வாரச் சம்பளம் 24 டாலருக்குச் சற்றுக் குறைவு. அன்று அவர் அழைத்துப்போயிருக்காவிட்டால் தான் ஓவியராகியிருக்கவே மாட்டேன் என்று லாரன்ஸ் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு படம் போதவில்லை

ஹைட்டியின் அடிமைகளைத் திரட்டிப் புரட்சி நடத்திய டூசான் லூவெர்த்யூரின் கதையை வரைய லாரன்ஸ் ஆசைப்பட்டார். ஒரே படத்தில் அந்த வாழ்க்கை அடங்கவில்லை. எனவே 41 படங்கள் வரைந்தார். அது 1938, வயது 21. அடுத்து, அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து பேச்சாளராகவும் எழுத்தாளராகவும் உயர்ந்த ஃபிரெடரிக் டக்லஸைப் பற்றி 32 படங்கள். தானும் தப்பி, திரும்பிப் போய்ப் பிறரையும் மீட்டுவந்த ஹாரியட் டப்மேனைப் பற்றி 31 படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு வாக்கியம்.

இதைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. நவீன ஓவியத்தில் ‘கதை சொல்வது’ ஏறக்குறைய ஒரு வசைச்சொல்லாகவே ஆகிக்கொண்டிருந்த காலம் அது. கதை வேண்டுமென்றால் பத்திரிகைச் சித்திரக்காரரிடம் போங்கள் என்பது அன்றைய மேதாவிகளின் எண்ணம். லாரன்ஸுக்கோ சொல்ல வேண்டிய கதை நிறைய இருந்தது, பள்ளிப் பாடநூல்களில் அது இல்லை. 135-ஆம் தெரு நூலகத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்துத்தான் ஒவ்வொரு தொடரையும் தொடங்கினார்.

1940-இல் ரோசன்வால்ட் அறக்கட்டளையின் உதவித்தொகை கிடைத்தது. அதை வைத்து அவர் தொடங்கியதுதான் ‘நீக்ரோக்களின் இடப்பெயர்வு’ என்று அன்று தலைப்பிட்ட 60 படங்கள். இன்று இதை ‘இடப்பெயர்வுத் தொடர்’ என்கிறார்கள்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதல் உலகப்போர் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வரும் தொழிலாளர் வரத்து நின்றது. வடக்கின் தொழிற்சாலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. தெற்கில் பருத்திக்காய் வண்டு விளைச்சலைத் தின்றுகொண்டிருந்தது. இனவெறிச் சட்டங்கள், நீதிமன்றத்தில் அநீதி, கும்பல் கொலைகள் வேறு. ‘சிகாகோ டிஃபெண்டர்’ போன்ற கறுப்பினப் பத்திரிகைகள் வடக்கே வாருங்கள் என்று எழுதின. ஆலை முகவர்கள் ரயில் டிக்கெட்டுக்கு முன்பணம் கொடுத்தார்கள். மக்கள் மூட்டை கட்டினார்கள். 1970 வரை அலை அலையாக நீடித்த இந்தப் பெயர்வில் ஏறக்குறைய 60 லட்சம் பேர் தெற்கைவிட்டு வெளியேறினார்கள்.

இதை எப்படி வரைவது? இங்கே தலைவன் கிடையாது, டூசானும் இல்லை, டப்மேனும் இல்லை. கூட்டம்தான் கதாநாயகன். முகம் வரைந்தால் அது ஒருவருடைய கதையாகிவிடும். முகத்தை விட்டுவிட்டால்? முதல் படத்தைப் பாருங்கள். ரயில் நிலையத்தில் மூன்று வாயில்கள்; மேலே சிகாகோ, நியூயார்க், செயின்ட் லூயிஸ் என்று மூன்று பெயர்கள். கீழே தொப்பிகளும் மேலங்கிகளும் நெருக்கியடித்துக்கொண்டு அந்த வாயில்களை நோக்கிச் சாய்கின்றன. ஒரு முகம்கூட மனதில் நிற்பதில்லை, ஆனால் தள்ளுமுள்ளு உடம்பில் உறைக்கிறது. கண் மூக்கு இல்லாததற்கு ‘வரையத் தெரியாதா’ என்பதைவிட நல்ல காரணம் இருக்கிறது என்பது இங்கே புரிய ஆரம்பிக்கும்.

இலைக்கு இலை பரிமாறுவது போல

அறுபது படங்களையும் அவர் தீட்டிய முறை எனக்கு அந்தப் படங்களைப் போலவே பிடித்த விஷயம்.

ஒவ்வொன்றும் 18 அங்குலத்துக்கு 12 அங்குலம் உள்ள ஹார்ட்போர்டு. ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். அதன் மேல் முதலில் ‘கெஸ்ஸோ’ எனப்படும் வெள்ளைப் பூச்சைத் தடவிக் காயவைக்க வேண்டும். இந்த வேலையில் அவருக்குத் துணை நின்றவர் குவெண்டலின் நைட். பார்படாஸில் பிறந்தவர், அவரும் ஓவியர், 1941-இல் லாரன்ஸை மணந்தவர். படங்களின் கீழ் வரும் வாக்கியங்களைச் செப்பனிடவும் அவர் உதவினார். வாக்கியங்களும் பென்சில் கோடுகளும் முடிந்த பிறகுதான் வண்ணம்.

வண்ணத்தை அவர் படம் படமாகப் பூசவில்லை. அறுபது பலகைகளையும் ஒரே சமயத்தில் பரப்பிவைத்தார். ஒரு நிறத்தைக் கலக்கினார். அந்த நிறம் எந்தெந்தப் படத்தில் எங்கெங்கே வர வேண்டுமோ அங்கெல்லாம் பூசிக்கொண்டே போனார். முடிந்ததும் அடுத்த நிறம். கறுப்பில் தொடங்கி, அடர்ந்த நிறங்கள், பிறகு வெளிர் நிறங்கள். கல்யாணப் பந்தியில் அறுபது இலைக்கும் முதலில் உப்பு, பிறகு ஊறுகாய், பிறகு கூட்டு, பொரியல் என்று வரிசையாகப் பரிமாறிக்கொண்டு போவார்களே, அப்படி. கடைசி இலையில் கடைசிப் பண்டம் விழும்வரை எந்த இலையும் நிறைவதில்லை. அதுபோல, கடைசி நிறம் பூசும்வரை அறுபதில் எந்தப் படமும் முடிந்திருக்கவில்லை.

ஏன் இப்படி? அவர் பயன்படுத்தியது கேசீன் டெம்பரா. பாலிலிருந்து எடுக்கும் புரதத்தைப் பசையாக வைத்துச் செய்யும் வண்ணம். விரைவில் காய்ந்துவிடும். எண்ணெய் வண்ணத்தைப் போல ஒன்றோடொன்று குழைத்து நிழல் காட்ட வசதிப்படாது. தட்டையாகப் பூசத்தான் அது உகந்தது. ஒரு நிறத்தை இன்று கலந்து, அடுத்த மாதம் அதே சாயலில் மறுபடி கலப்பதும் கடினம். எனவே கலந்த அன்றே அறுபதுக்கும் பூசிவிட வேண்டும்.

இதனால் ஒரு நன்மை வந்தது. முதல் படத்தில் ஒரு பயணியின் மேலங்கியில் இருக்கும் நிறம், நடுவில் ஒரு வயலில் வரும், பிறகு ஒரு சுவரில் வரும், கடைசியில் மறுபடி ஒரு மேலங்கியில் வரும். பாட்டில் பல்லவி திரும்பி வருவது போல. தனித்தனியாக நிற்க வேண்டிய அறுபது படங்களை நிறம் ஒரே நூலில் கோத்துவிடுகிறது. உருவ ஓவியமாக இருந்தும் இது ஏன் நவீனம் என்று கேட்டால், இந்த இடத்தைத்தான் நான் சுட்டுவேன். நிறத்தை அவர் பொருளின் சாயலுக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை. தொடரின் தாளத்துக்காகத் தேர்ந்தெடுத்தார்.

தொங்காத உடல்

15-ஆம் படத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

கும்பல் கொலைகளைப் பற்றிய படம் அது. அன்றைய அமெரிக்கத் தெற்கில் கறுப்பினத்தவரைக் கும்பலாக அடித்து மரத்தில் தொங்கவிடுவது நடந்துகொண்டே இருந்தது. அந்த உடல்களைப் புகைப்படமெடுத்து அஞ்சலட்டையாக அச்சிட்டு விற்றிருக்கிறார்கள். கூட்டம் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கும் படங்கள்கூட உண்டு. ஆகவே இந்தக் கொடுமையைக் ‘காட்டுவது’ என்பதே நஞ்சு ஏறிய விஷயமாக இருந்தது. அப்படியே வரைந்தால் இன்னோர் அஞ்சலட்டை ஆகிவிடும் அபாயம் இருந்தது.

லாரன்ஸ் வரைந்தது இதுதான். வெறிச்சென்ற நிலம். ஒரு மெல்லிய மரக்கிளை படத்துக்குள் நீள்கிறது. கிளையில் ஒரு சுருக்குக் கயிறு, காலியாக. கீழே ஒரு பாறைமீது ஒருவர் முழங்காலோடு முகம் சேர்த்துக் குறுகி உட்கார்ந்திருக்கிறார். சிவந்த மேலாடை. ஆணா பெண்ணா என்பது நிச்சயமில்லை. அவ்வளவுதான். உடல் இல்லை, கும்பல் இல்லை, ரத்தம் இல்லை.

உட்கார்ந்திருக்கும் அந்த வடிவம் மனிதர் என்பதற்குச் சற்று முன்னாலேயே நின்றுவிடுகிறது. இன்னும் கொஞ்சம் குறைத்திருந்தால் அது வெறும் சிவப்புக் கல். கொஞ்சம் கூட்டியிருந்தால் ஒரு குறிப்பிட்ட தாய், அல்லது சகோதரர். நாம் பரிதாபப்பட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போயிருப்போம். அந்த இரண்டுக்கும் நடுவில் நிறுத்தியதால் கயிறுக்கும் அந்தக் குறுகலுக்கும் இடையே இருக்கும் வெற்றிடத்தைப் பார்வையாளர்தான் நிரப்ப வேண்டியிருக்கிறது. நிரப்பாமல் நகர முடிவதில்லை.

முழு அருவ ஓவியத்தால் இதைச் செய்ய முடியாது, அதற்குக் கயிறு வேண்டும். முழு நடப்பியல் ஓவியத்தாலும் முடியாது, அது உடலையும் வரைந்துவிடும்.

10-ஆம் படம் இன்னும் எளிது. கீழே ‘அவர்கள் மிகவும் ஏழைகள்’ என்று ஒரு வரி. ஓர் ஆணும் பெண்ணும் மேசை முன்னால் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். மனிதர்களை நேராகப் பார்க்கிறோம், மேசையை மேலிருந்து பார்க்கிறோம். கேமராவால் இது ஆகாத காரியம். ஆனால் மேசையை இப்படித் தூக்கி நிறுத்தினால்தானே அதன் மேல் எவ்வளவு குறைவாக இருக்கிறது என்பது தெரியும்? தொடக்கத்தில் கிண்ணம் வழுக்கி விழாதா என்று கேட்டோம் அல்லவா, அதற்கு இதுதான் விடை.

வடக்கே போனதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று அவர் எழுதி முடிக்கவில்லை. 49-ஆம் படத்தில் ஓர் உணவகம். ஒரு பக்கம் வெள்ளையர், மறுபக்கம் கறுப்பினத்தவர். நடுவில் மஞ்சள் நிறத்தில் ஒரு தடுப்பு, மேலிருந்து கீழ்வரை வளைந்து வளைந்து இறங்குகிறது. அந்த மஞ்சள் கோட்டை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் அழகான ஒரு நவீன வடிவம். சிறுவயதுக் கம்பளத்திலிருந்து உருவியது போலவே இருக்கும். அந்த அழகே படத்தில் பாகுபாட்டின் கோடாகவும் இருப்பது கொஞ்சம் குத்துகிறது.

ஒற்றை எண், இரட்டை எண்

நியூயார்க்கில் டவுன்டவுன் கேலரியை நடத்திய எடித் ஹால்பெர்ட் இந்தத் தொடரைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார். ‘ஃபார்ச்சூன்’ பத்திரிகை 1941 நவம்பர் இதழில் 26 படங்களை வண்ணத்தில் அச்சிட்டது. நகரத்தின் பல காட்சிக்கூடங்கள் ஒரே சமயத்தில் கறுப்பின ஓவியர்களை அறிமுகப்படுத்த வேண்டும் என்பது ஹால்பெர்ட்டின் திட்டம். டிசம்பர் 7 அன்று பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தை ஜப்பான் தாக்கியது, அமெரிக்கா இரண்டாம் உலகப்போரில் இறங்கியது. மற்றவர்கள் பின்வாங்கிவிட்டார்கள். ஹால்பெர்ட் மட்டும் அடுத்த சில நாள்களில் தன் கதவைத் திறந்தார்.

தொடரை இரண்டு அருங்காட்சியகங்கள் விரும்பின: நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம், வாஷிங்டனின் பிலிப்ஸ் காட்சியகம். விட்டுக்கொடுக்க யாருக்கும் மனமில்லை. முடிவில் இரட்டை எண் படங்கள் நியூயார்க்குக்கு, ஒற்றை எண் படங்கள் வாஷிங்டனுக்கு என்று பங்கு பிரித்தார்கள். ஒரு புத்தகத்தைப் பக்கம் விட்டுப் பக்கம் கிழித்துப் பங்கிட்டது போன்ற காரியம். கதை வாஷிங்டனில் தொடங்கி நியூயார்க்கில் முடிகிறது. 60-ஆம் படத்தில் நடைமேடை நெடுக மக்கள் மூட்டையும் பெட்டியுமாக நம்மைப் பார்த்து நிற்கிறார்கள். இன்னும் வந்துகொண்டே இருந்தார்கள் என்பது அதன் வாசகம். எப்போதாவது இரு அருங்காட்சியகங்களும் ஒத்துக்கொண்டு அறுபதையும் ஒரே சுவர்களில் மாட்டும்போதுதான் அந்தப் பல்லவி முழுதாகக் கேட்கும். 2015-இல் நியூயார்க்கில் அப்படி மாட்டினார்கள். 1993-இல் லாரன்ஸ் தன் வாசகங்களைத் திருத்திச் சுருக்கினார். காலம் கழித்துவிட்ட ‘நீக்ரோ’ என்ற சொல்லும் அப்போது நீங்கியது.

எல்லோரும் அந்தப் பக்கம் போனபோது

போர்க்காலத்தில் கடலோரக் காவல்படையில் சேர்க்கப்பட்டார். கறுப்பினத்தவருக்கு அங்கே கிடைப்பது பெரும்பாலும் பரிமாறும் வேலை. பிறகு ‘சீ கிளவுட்’ என்ற கப்பலுக்கு மாறினார். நிறம் பாராமல் எல்லோரையும் ஒன்றாக வேலைக்கு வைத்த முன்னோடிக் கப்பல் அது. அங்கே வரையவும் வாய்ப்புக் கிடைத்தது. அந்தப் படங்களில் பெரும்பாலானவை பின்னர் தொலைந்துபோயின.

1946 கோடையில் நார்த் கரோலினாவின் பிளாக் மவுண்டன் கல்லூரியில் கற்பிக்க ஜோசப் ஆல்பர்ஸ் அழைத்தார். அவர் சதுரத்துக்குள் சதுரமாக நிறத்தையே வாழ்நாள் ஆராய்ச்சியாக்கிய அருவ ஓவியர். தெற்கே போகும் ரயிலில் ஓர் எல்லை தாண்டியதும் கறுப்பினத்தவர் தனிப்பெட்டிக்கு மாறியாக வேண்டும். லாரன்ஸ் தம்பதி அந்த அவமானத்துக்கு ஆளாகக் கூடாது என்று ஆல்பர்ஸ் அவர்களுக்காகவே ஒரு பெட்டியை ஏற்பாடு செய்தார். அருவ ஓவியமும் உருவ ஓவியமும் கீரியும் பாம்பும் என்று எழுதுகிறவர்கள் இந்தப் பெட்டியை நினைத்துக்கொள்வது நல்லது. கோடு, நிறம், வடிவம் ஆகியவற்றைப் பற்றித் தான் இயல்பாக அறிந்திருந்ததைச் சொற்களில் சிந்திக்க லாரன்ஸ் கற்றுக்கொண்டது ஆல்பர்ஸிடம்தான்.

இதற்குள் நியூயார்க்கில் காற்று மாறிவிட்டது. ஜாக்சன் பொலாக் வண்ணத்தைச் சொட்டவிடத் தொடங்கியிருந்தார். அருவமே எதிர்காலம், உருவம் பழங்கஞ்சி என்ற பேச்சு வலுத்தது. லாரன்ஸ் இடம் மாறவில்லை. அதற்கு விலையும் கொடுத்தார். 1950-களில் அவருக்கு முன்பிருந்த கவனம் குறைந்தது. அதற்கு முன்பே மனச்சோர்வு பிடித்து, 1949-இல் குவீன்ஸ் பகுதியில் ஒரு மனநல மருத்துவமனையில் தானாகவே போய்ச் சேர்ந்தார். அங்கே பார்த்ததையும் வரைந்தார். அந்தப் படங்களில் நிறம் தணிந்திருக்கிறது, முகங்களில் முன்பைவிட அதிகமாக ஏதோ நடக்கிறது. இங்கே முகம் தேவைப்பட்டது, எனவே வரைந்தார். தெரியாமல் விட்டவர் அல்லர் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

1954 முதல் 1956 வரை அமெரிக்க வரலாற்றைப் பற்றி ஒரு தொடர் தீட்டினார். அறுபது என்று திட்டமிட்டு முப்பதில் நின்றது. எந்த அருங்காட்சியகமும் மொத்தமாக வாங்கவில்லை. தனியார் ஒருவர் வாங்கி, ஒவ்வொன்றாக விற்றார். 2020-இல் அந்தத் தொடரைத் திரட்டிக் கண்காட்சி வைத்தபோது ஐந்து படங்கள் எங்கே என்று தெரியவில்லை. நியூயார்க்கில் அதைப் பார்க்க வந்த ஒரு பெண்மணிக்கு, இந்தச் சாயலில் தன் அண்டைவீட்டில் ஒரு படம் மாட்டியிருக்கிறதே என்று பொறி தட்டியது. உண்மைதான். 1960-இல் அறக்கொடை ஏலம் ஒன்றில் வாங்கிய படம் அது. காணாமல் போன 16-ஆம் எண். செய்தி வெளியானதும், சில தெருக்கள் தள்ளி இன்னொரு வீட்டில் 28-ஆம் எண்ணும் கிடைத்தது. கையெழுத்தைப் பார்க்காமலேயே அண்டைவீட்டுக்காரர் கண்டுகொள்ளும் அளவுக்கு ஒரு பாணி இருந்திருக்கிறது!

1971-இல் மேற்குக் கரையில் உள்ள வாஷிங்டன் மாநிலத்தின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி அங்கேயே குடியேறினார். இளவயதில் ஹார்லெமில் தச்சர்கள் வேலை செய்வதைப் பார்த்து நின்றவர், முதுமையில் இழைப்புளியும் சுத்தியலும் ரம்பமுமாக ஒரு சேகரிப்பே வைத்திருந்தார். கட்டடத் தொழிலாளர்களைத் திரும்பத் திரும்ப வரைந்தார். கைகள் அப்போதும் மண்வெட்டி போலத்தான் இருந்தன. 2000 ஜூன் 9 அன்று காலமானார்.

மறு ஆண்டு, நியூயார்க்கின் டைம்ஸ் ஸ்கொயர் சுரங்க ரயில் நிலையத்தில் அவர் வடிவமைத்துக் கொடுத்திருந்த நீளமான கண்ணாடி மொசைக் ஒன்றைச் சுவரில் பதித்தார்கள். ரயிலில் போகிறவர்களின் படம். அதற்குக் கீழே நாள் முழுவதும் கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு வாயில்களை நோக்கி நடக்கிறது.